சர்வதேசக் கணக்கியல், நிதி முகாமைத்துவ முதுமாணி: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முகாமைத்துவப் பட்டம் முடித்துவிட்டு, பிரித்தானியாவில் ஒரு வருட சர்வதேசக் கணக்கியல், நிதி முகாமைத்துவ முதுமாணிக்குப் போக நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பட்டம் உங்களைப் பட்டயக் கணக்காளர் ஆக்காது. கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிடும் உரிமையைத் தருவது தொழில்சார் அமைப்புகளின் பரீட்சையும் பயிற்சியும்தான். இலங்கையில் அது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம். பிரித்தானியாவில் ஏசிசிஏ போன்ற பட்டயக் கணக்காளர் அமைப்புகள். முதுமாணி தருவது வேறு: பல நாடுகளில் இயங்கும் கம்பனிகளின் கணக்குகளை வாசிக்கும் திறன், நாணய மாற்று ஆபத்தைக் கணிக்கும் திறன், ஆய்வு எழுதும் பழக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு கோடி ரூபாவுக்குக் கிட்ட செலவழித்துவிட்டு, திரும்பி வந்து தொழில்சார் பரீட்சையைத் தொடக்கத்திலிருந்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

எதற்காகப் படிக்கப் போகிறீர்கள்?

வங்கி, நிதிக் கம்பனி, சர்வதேசத் தொண்டு நிறுவனம், சுற்றுலா விடுதிக் குழுமம் ஆகியவற்றின் நிதிப் பிரிவில் மேலே போக விரும்புபவருக்கு இந்த முதுமாணி நன்றாகப் பயன்படும். கணக்காய்வு நிறுவனத்தில் பங்காளராக வேண்டும் என்பவர் முதலில் தொழில்சார் பரீட்சையைத் தொடங்குவதே சரி. ஏசிசிஏயில் இப்போதைய அமைப்பில் 13 தாள்கள். முதல் 9 தாள்கள்வரை, படித்த பட்டத்தைப் பார்த்து விலக்குத் தருவார்கள். கடைசி 4 தாள்களுக்கு எவருக்கும் விலக்கில்லை. விலக்கு பெரும்பாலும் இளமாணிப் பட்டத்தின் பாடங்களை வைத்தே கிடைக்கிறது. அதனால் முதுமாணி முடித்தால் கூடுதல் விலக்குக் கிடைக்கும் என்று ஒரு முகவர் சொன்னால், ஏசிசிஏயின் இணையத்தளத்தில் உள்ள விலக்குத் தேடலில் அந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள். பெயர் அப்படியே இருக்க வேண்டும். 'கணக்கியலும் நிதியும்' என்ற பட்டத்துக்கு உள்ள விலக்கு, அதே பல்கலைக்கழகத்தின் 'சர்வதேசக் கணக்கியலும் நிதி முகாமைத்துவமும்' என்ற பட்டத்துக்கு இல்லாமல் இருக்கலாம். பிந்தியதில் கணக்கியல் படிக்காதவரையும் சேர்ப்பது வழக்கம் என்பதே காரணம்.

பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணம் உள்ளவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளிகள். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 திறமைப் புள்ளிகள். பதவி உயர்வின்போது ஆய்வுக் கூறும் படித்த கால அளவும் பார்க்கப்படும். பிரித்தானிய ஒரு வருடப் பட்டம் தானாகவே ஏற்கப்படும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் சேர விரும்பும் பீடத்தின் பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதிலை வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஊரை விட்டு அசைய முடியாதவருக்கு, வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய வணிக நிருவாக முதுமாணி கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. செலவு பல மடங்கு குறைவு. அரச சேவையிலேயே இருக்கப்போகிறவர் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இவ்வளவு காசைக் கொட்டுவதில் பெரிய நியாயம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

தகுதி: எவருக்கு எந்த வாசல்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இரண்டாம் வகுப்புப் பட்டம் கேட்கும். இலங்கையில் சராசரிப் புள்ளி 3.70க்கு மேல் முதல் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு உயர்பிரிவு, 3.00க்கு மேல் இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு. இது பிரித்தானிய வகுப்போடு நேருக்கு நேர் பொருந்தாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்தில் 'இலங்கை' என்று ஒரு பக்கம் வைத்திருக்கும். 2.9 உள்ளவரையும் சில இடங்கள் எடுக்கும்; 3.2 உள்ளவரை வேறு சில இடங்கள் விடும். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கும் வேறு வேறு அளவு வைப்பவர்களும் உண்டு.

மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்களுக்கு இந்த விடயம் சிக்கலானது. உள்நாட்டு அரச வேலைக்கு அந்த டிப்ளோமாவுக்குத் தரப்படும் மதிப்பு வெளிநாட்டுச் சேர்க்கை அலுவலருக்குத் தெரியாது. வேலை அனுபவத்தையும் தொழில்சார் தாள்களில் சித்தியையும் சேர்த்து அனுப்பினால் சில இடங்கள் பரிசீலிக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் பெறுபேற்று ஆவணத்தை அனுப்பிக் கேளுங்கள்.

பட்டம் திரும்பி வந்தால் இங்கே செல்லுமா என்பதையும் இப்போதே பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இடம்பெற்ற நிறுவனங்களையே அங்கீகரிக்கும். பெயரில் 'லண்டன்' இருப்பதெல்லாம் பல்கலைக்கழகம் அல்ல.

பாடத்தில் என்ன வரும், எங்கே சறுக்கும்

ஒரு வருடப் பட்டம் 180 பிரித்தானியத் திறமைப் புள்ளிகள். வழமையாக 120 பாடங்களுக்கு, 60 ஆய்வுக்கு. சித்திக்கு 50, மெரிட்டுக்கு 60, டிஸ்டிங்ஷனுக்கு 70. அங்கே 70 எடுப்பது இங்கே 85 எடுப்பதைப் போல. முதல் ஒப்படைக்கு 58 வந்ததும் மனம் உடைய வேண்டாம்.

உயர்தரத்தில் தமிழில் கணக்கீடு படித்தவருக்கு அடித்தளம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். இலங்கை 2012 ஜனவரி 1 முதல் சர்வதேசத் தரங்களோடு ஒத்த நியமங்களைப் பின்பற்றுவதால் வந்தாறுமூலையில் படித்த நியமமும் லண்டனில் உருவாகும் நியமமும் சாரத்தில் ஒன்றே. எல்கேஏஎஸ் 21, ஐஏஎஸ் 21 என்பதுபோல, இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகள்தான் மாறும். சிரமம் வேறிடத்தில். இங்கே கணக்கைச் செய்யச் சொல்வார்கள். அங்கே கணக்கைச் செய்துவிட்டு, அந்த நியமம் ஏன் அப்படி இருக்கிறது, அதனால் எவருக்கு நன்மை, எவருக்குக் கேடு என்று எழுதச் சொல்வார்கள்.

நாணய மாற்றுக்கான சர்வதேசக் கணக்கீட்டு நியமமான ஐஏஎஸ் 21ஐ எடுங்கள். இந்தப் பாடத்தின் உயிர்நாடி அது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைத் தளரவிட்டபோது நடந்ததை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பாசிக்குடாவில் ஒரு விடுதி மார்ச் தொடக்கத்தில் 10,000 டொலருக்குக் குளிரூட்டல் இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு வாங்குகிறது என்று வையுங்கள். அன்றைய வீதம் ஏறத்தாழ 200 ரூபா. இயந்திரம் 20 இலட்சம், சென்மதி 20 இலட்சம். மார்ச் 31இல் வீதம் 300 என்று எடுத்தால் சென்மதி 30 இலட்சமாகிறது. வித்தியாசமான 10 இலட்சம் எங்கே போகும்? பலர் அதை இயந்திரத்தின் கிரயத்தில் கூட்டுவார்கள். அது பிழை. சென்மதி பணமாகவே தீர்க்கப்படும் பணம்சார் உருப்படி, அதனால் ஆண்டிறுதி வீதத்தில் மீள மாற்ற வேண்டும்; நட்டம் இலாப நட்டத்துக்குப் போகும். இயந்திரம் பணம்சாரா உருப்படி. கிரய முறையில் வைத்திருந்தால் வாங்கிய நாள் வீதத்திலேயே நிற்கும், பெறுமானத் தேய்வும் 20 இலட்சத்தின் மேல்தான்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, பரீட்சகர் விரும்பிக் கேட்பது: அந்த விடுதியின் தொழிற்பாட்டு நாணயம், அதாவது அதன் தொழில் பிரதானமாக நடக்கும் நாணயம், எது? அறைக்கட்டணம் டொலரில். சம்பளம், மின்சாரம், மீன், மரக்கறி எல்லாம் ரூபாவில். நியமம் முதலில் பார்ப்பது விற்பனை விலையைப் பிரதானமாகத் தீர்மானிக்கும் நாணயம், எந்த நாட்டின் போட்டியும் சட்டமும் விலையை நிர்ணயிக்கின்றன என்பது, ஊழியச் செலவும் பொருட்செலவும் எந்த நாணயத்தில் என்பது. இவை கலந்து நின்றால் முகாமை தன் தீர்ப்பைச் சொல்லி, காரணத்தை வெளிப்படுத்த வேண்டும். ஒரே விடை இல்லாத இப்படியான கேள்விக்குத்தான் 70க்கு மேல் புள்ளி கிடைக்கும்.

விவசாயத்துக்கான ஐஏஎஸ் 41உம் நம் பக்கத்துக்குப் பொருந்துவது. வயலில் நிற்கும் நெல் உயிரியற் சொத்து. விற்கும் செலவு கழித்த நியாயப் பெறுமதியில் காட்ட வேண்டும். அறுவடை நேரத்தில் அதே முறையில் மதிப்பிட்ட தொகை, களஞ்சியத்துக்குப் போனதும் இருப்பின் கிரயமாகும். சம்மாந்துறையில் நெல் வாங்கிக் குற்றும் ஆலைக்கு ஐஏஎஸ் 41 பொருந்தாது. அதற்கு ஆரம்பம் முதலே இருப்புக்கான ஐஏஎஸ் 2. கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிந்தால் பெரும்போகம் வயலில் நிற்கும், மார்ச் 31இல் முடிந்தால் பெரும்பாலும் களஞ்சியத்தில் இருக்கும். ஒரே பண்ணைக்கு இரண்டு ஆண்டிறுதிகளில் இரண்டு தோற்றம். மற்றவர்கள் பாடநூலின் பிரேசில் பண்ணையைப் பற்றி எழுதும்போது நீங்கள் இதை எழுதலாம்.

நிதி முகாமைத்துவப் பக்கம் தேறிய இன்றைய பெறுமதி, அதாவது எதிர்காலக் காசுப்பாய்ச்சலின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்த தொகை, முதல் நாளே வரும். எக்ஸலில் அதைக் கணிப்பதில் ஒரு பொறி உண்டு. என்பிவி என்ற சார்பு, கொடுக்கும் முதல் தொகையை முதலாம் வருட இறுதியில் வருவதாக எடுத்துக் கழிவிடும். ஆகவே இன்றைய முதலீட்டை அடைப்புக்குள் போடக் கூடாது. வெளியே தனியாகக் கூட்ட வேண்டும், மறைக் குறியோடு. உள்ளே போட்டால் விடை ஒரு வருடம் கூடுதலாகக் கழிவிடப்பட்டு வரும். பார்வைக்குச் சரிபோலத் தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

வெளிநாட்டு முதலீட்டுக் கணிப்பில் இரண்டு வழிகள். வெளிநாட்டுக் காசுப்பாய்ச்சலை அந்த நாட்டு வீதத்தில் கழிவிட்டு இன்றைய வீதத்தில் மாற்றலாம். அல்லது ஒவ்வொரு வருடத் தொகையையும் எதிர்கால வீதத்தில் மாற்றி நம் நாட்டு வீதத்தில் கழிவிடலாம். எதிர்கால வீதத்தை வட்டி வீதச் சமநிலையால், அதாவது இரு நாட்டு வட்டி வீதங்களின் வேறுபாட்டை வைத்து, எடுக்கிறோம். இன்று டொலர் 300 ரூபா, ரூபா வட்டி 10 வீதம், டொலர் வட்டி 4 வீதம் என்றால், ஒரு வருடத்துக்குப் பின்: 300 × 1.10 ÷ 1.04 = 317.31. கழிவு வீதங்களையும் இதே சமநிலையோடு எடுத்தால் இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால், ஓரிடத்தில் பணவீக்கம் சேர்ந்த வீதத்தையும் இன்னோரிடத்தில் சேராத வீதத்தையும் கலந்திருப்பீர்கள். தொண்ணூறு வீதம் அதுதான்.

போவதற்கு முன் மூன்று மாதம் கிடைத்தால் இதைச் செய்யுங்கள்: உயர்தரத்தில் தமிழில் படித்த சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வருமதி, சென்மதி, அட்டுறு செலவு, உரிமையாண்மை, காசுப்பாய்ச்சல் கூற்று என்று நூறு சொல் போதும். பிறகு கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் தளத்தில் ஏதாவதொரு கம்பனியின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் இறக்கி, நிதிக்கூற்றுகளின் குறிப்புகளை மட்டும் முழுதாக வாசியுங்கள். இரண்டு அறிக்கை வாசித்தவருக்கு முதல் மாத விரிவுரை பயமாக இராது.

ஆங்கிலம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஐஈஎல்டிஎஸ் கல்விசார் பரீட்சையில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 5.5க்கோ 6க்கோ குறையாமல் கேட்கும். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். எழுத்துப் பகுதியின் முதற் கேள்வி வரைபு, அட்டவணையை விவரிப்பது; கணக்கியல் மாணவருக்கு அது கைவந்த வேலை. சறுக்குவது இரண்டாம் கேள்வியான கட்டுரையில். பட்டம் ஆங்கில மொழிமூலம் என்றால் பதிவாளரிடமிருந்து மொழிமூலச் சான்றுக் கடிதம் வாங்கி, அதை ஏற்கும் இடங்களில் ஐஈஎல்டிஎஸ் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் மொழிமூலக் கடிதத்தால் உள்ளே போய், வாரத்துக்கு இருநூறு பக்கம் வாசிக்க முடியாமல் திணறுவதைவிட, இங்கேயே பரீட்சையை எழுதிப் பார்ப்பது நல்லது.

காசு: விசா நிராகரிப்பின் பிறப்பிடம்

கல்விக் கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். 20,000 பவுணுக்கு மேல் கேட்பவை பல. விசாவுக்குக் காட்ட வேண்டியது, கட்டாமல் மீதியுள்ள கட்டணமும் 9 மாத வாழ்க்கைச் செலவும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதத்துக்கு 1,171 பவுண், லண்டனுக்குள் 1,529 பவுண். இத்தொகை அடிக்கடி உயரும், ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரித்தானிய அரச தளத்தில் பாருங்கள்.

ஓர் உதாரணம். கட்டணம் 18,000 பவுண், முற்பணம் 5,000 கட்டியாயிற்று, லண்டனுக்கு வெளியே. மீதி 13,000. வாழ்க்கைச் செலவு 1,171 × 9 = 10,539. மொத்தம் 23,539 பவுண். பவுண் 400 ரூபா என்று வைத்தால் 94,15,600 ரூபா. இதோடு நின்றுவிடாதீர்கள். பிரித்தானிய உள்துறை அமைச்சு நாணய மாற்றை நீங்கள் விண்ணப்பிக்கும் நாளின் வீதத்தில் பார்க்கும். ரூபா அந்த வாரம் சறுக்கினால் போதாமற்போகும். பத்து வீதம் கூடுதலாக வைத்திருங்கள்.

இந்தக் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாளாவது, ஒரு ரூபாவாவது குறைந்தால் 28 நாள் மீண்டும் முதலிலிருந்து. வங்கிக் கூற்றின் கடைசித் திகதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கணக்கோடு தொடர்புபட்ட ஏடிஎம் அட்டையை அம்மாவிடம் கொடுத்துப் பூட்டிவைப்பது மோசமான யோசனை இல்லை.

நம் பக்கத்தில் மிகுதியாக நடக்கும் பிழை எவருடைய கணக்கு என்பதில்தான். மாணவரின் கணக்கு, பெற்றோரின் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கு: பொதுவாக இவ்வளவே செல்லும். கட்டாரில் உள்ள அண்ணன், சுவிஸில் உள்ள மாமா, லண்டனில் உள்ள சித்தப்பா என எவர் காசு தந்தாலும், அவர்களுடைய கணக்கைக் காட்ட முடியாது. அவர்கள் அனுப்பும் காசு உங்கள் கணக்கிலோ அப்பா அம்மாவின் கணக்கிலோ விழுந்து 28 நாள் கிடக்க வேண்டும். ஆகவே மாமாவிடம் ஜூனிலேயே சொல்லிவிடுங்கள். ஓகஸ்டில் காசு வந்தால் செப்டெம்பர் வகுப்பு போய்விடும். வயற்காணி உறுதி, அம்மாவின் நகை, வீட்டு மதிப்பீட்டறிக்கை ஆகிய எதையும் அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நிலையான வைப்பு செல்லும், தேவைப்படும்போது மீளப் பெறக்கூடியதாக இருந்தால். அதை வங்கிக் கடிதத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

பெற்றோர் கணக்கென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. இங்கே இன்னொரு சிக்கல் தலைகாட்டும்: அப்பாவின் பெயர் வங்கியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் மூன்றாவது. முதலெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுபோய், அவற்றில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். பொருந்தாதவற்றுக்கு சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து இணையுங்கள்.

காசை ஒரு மாதத்துக்கு வட்டிக்குத் தந்து கணக்கில் 'காட்டி'த் தருபவர்கள் கல்முனை தொட்டு வாழைச்சேனைவரை இருக்கிறார்கள். வேண்டாம். வங்கியிடம் நேரடியாக விசாரிக்கும் உரிமை விசா அலுவலருக்கு உண்டு. பொய் ஆவணம் என்று முடிவானால் பத்து வருடத் தடை வரலாம். அதையும் தாண்டிப் போய்விட்டால், அங்கே இறங்கிய நாளில் கையில் உண்மையான காசு இல்லாமல் நிற்பீர்கள்.

விசாக் கட்டணத்தோடு சுகாதார மேலதிகக் கட்டணமும் முன்கூட்டிக் கட்ட வேண்டும்: வருடத்துக்கு 776 பவுண். ஒரு வருட முதுமாணிக்கு விசா 16 மாதம் அளவில் வருவதால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண். இதைப் பலர் வரவு செலவுத் திட்டத்தில் போட மறக்கிறார்கள்.

வட்டியோடு கடன் எடுக்க விரும்பாதவர்களுக்கு, குறிப்பாகக் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்க மாணவர்களுக்கு, புலமைப்பரிசிலே நேர்வழி. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் முழுச் செலவையும் ஏற்கும். இளமாணிக்குப் பின் 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், மூன்று பாடநெறிகளைத் தெரிவுசெய்ய வேண்டும், முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். விண்ணப்பம் ஓகஸ்ட் தொடங்கி ஒக்டோபர் தொடக்கத்தில் மூடப்படும். அதாவது படிப்புத் தொடங்க ஏறத்தாழ ஒரு வருடம் முன்னால். தொண்டு நிறுவனங்களில் வேலைசெய்த நேரமும் மணித்தியாலக் கணக்கில் சேரும் என்பதால் சேவைக் கடிதங்களைத் தொலைக்காதீர்கள்.

நாட்காட்டி, பின்னாலிருந்து

செப்டெம்பர் இறுதியில் வகுப்பு. விசா முடிவு வழமையாக மூன்று வாரம், ஆனால் ஓகஸ்ட் நெரிசலில் இழுபடலாம். எனவே ஜூலை இறுதிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கு 28 நாள் முன், ஜூன் இறுதியில், காசு கணக்கில் முழுதாக விழுந்திருக்க வேண்டும். கேஸ் எனப்படும் சேர்க்கை உறுதி இலக்கம் வராமல் விசா விண்ணப்பம் இல்லை. முற்பணம் கட்டினால்தான் கேஸ் வரும், ஆகவே முற்பணம் மே மாதம். வங்கி மூலம் காசு அனுப்ப அனுமதிக் கடிதமும் கட்டணப் பட்டியலும் கடவுச்சீட்டுப் பிரதியும் கேட்பார்கள்; கிளையில் இது வழக்கமில்லாத வேலை என்றால் கொழும்புத் தலைமையகத்துக்குக் கோவை போய்வர ஒரு வாரம் சேருங்கள். அனுமதிக் கடிதம் கையில் இருக்க ஜனவரி, பெப்ரவரியில் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கு முன் ஐஈஎல்டிஎஸ், பெறுபேற்று ஆவணம், இரண்டு விரிவுரையாளரின் பரிந்துரை. பரிந்துரைக் கோரிக்கை விரிவுரையாளரின் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகும். அவர் அந்தப் பெட்டியைத் திறப்பவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்; பல விண்ணப்பங்கள் அங்கேதான் தூங்குகின்றன.

இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவருக்குக் காசநோய்ச் சான்றிதழ் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில்தான் எடுக்க வேண்டும், மட்டக்களப்பு வைத்தியசாலையின் எக்ஸ்ரே செல்லாது. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். காசநோய்ப் பரிசோதனையையும் கைரேகைப் பதிவையும் கொழும்பில் அடுத்தடுத்த நாட்களுக்குப் பதிந்தால் ஒரே உதயதேவி ரயில் பயணத்தில் முடிக்கலாம். ஆனால் கைரேகைக்கு முன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் பெறுபேற்றுக்கு இரண்டு மாதம்வரை போகும். முன்பு காசநோய் வந்து குணமானவர் பரிசோதனையை மே மாதமே செய்துவிடுவது புத்தி.

நேர்காணல் அழைப்பு வரலாம். கேட்பது இவைபோல: ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், எந்தெந்தப் பாட அலகுகள், கட்டணம் எவ்வளவு, எங்கே தங்குவீர்கள், முடித்துவிட்டு என்ன. முகவர் எழுதித் தந்த நோக்கக் கூற்றைப் பாடமாக்கியவர் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார். முகவர்களுக்கு வழமையாகப் பல்கலைக்கழகமே தரகு கொடுக்கிறது. உங்களிடமும் பெருந்தொகை கேட்டால் எதற்கென்று கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

அங்கே போனபின் இரண்டு சட்டப் பொறிகள்

தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். கோடை காலம் விடுமுறை என்று எண்ணி முழுநேரம் போவது முதற்பொறி. முதுமாணி மாணவருக்குக் கோடை ஆய்வு எழுதும் காலம், அதுவும் தவணையே. இரண்டாவது, உணவு விநியோகச் செயலிகளில் ஓடுவது. அது சுயதொழிலாகக் கணக்கிடப்படும், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியில்லை. நண்பரின் பெயரில் ஓடினாலும் பிடிபட்டால் விசா போகும். 2024 ஜனவரி முதல் பாடநெறி முதுமாணி மாணவர் துணையையோ பிள்ளையையோ பொதுவாகக் கூட்டிப்போகவும் முடியாது. பட்டத்துக்குப் பிந்தைய விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதமாகக் குறைகிறது. இப்போது திட்டமிடுபவர் 18 என்றே கணக்குப் போடுங்கள்.

ஆய்வுக்கு ஊரிலிருந்தே பொருள்

ஆய்வு 12,000 முதல் 15,000 சொல்வரை இருக்கும். தலைப்பை ஜனவரியில் கேட்பார்கள். அமெரிக்கச் சந்தைத் தரவை வைத்து ஆயிரமாவது தடவையாக எழுதுவதைவிட இலங்கைத் தரவை எடுங்கள். இரண்டு தலைப்புகளுக்குப் பொருள் கொட்டிக்கிடக்கிறது.

ஒன்று, 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபின், சர்வதேச இறைமைப் பிணைமுறிகளை (அரசு வெளிநாட்டு நாணயத்தில் விற்ற கடன் பத்திரங்களை) வைத்திருந்த வங்கிகள், நிதிக் கருவிகளுக்கான நியமமான ஐஎப்ஆர்எஸ் 9இன்கீழ் எதிர்பார்க்கப்பட்ட கடன் நட்டத்தை எப்போது, எவ்வளவு கணக்கில் ஏற்பிசைத்தன என்பது. காலாண்டுக் கூற்றுகள் எல்லாம் பங்குப் பரிவர்த்தனையின் தளத்தில் இலவசம். வங்கிக்கு வங்கி வேறுபாடு ஏன் என்பதே ஆய்வுக் கேள்வி. பட்டியலிட்ட வங்கிகள் குறைவு என்பதால் பிற்செலவுப் பகுப்பாய்வுக்கு (ரிக்ரெஷன்) மாதிரி சிறிதாகிவிடும். காலாண்டுத் தரவாக எடுத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது குறிப்புகளை ஒப்பிடும் பண்புசார் ஆய்வாகச் செய்யுங்கள்.

இரண்டு, இஸ்லாமிய நிதி. வங்கி ஒரு பொருளை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முராபஹாவை, பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் கணக்கியல் அமைப்பு பிற்போடப்பட்ட கொடுப்பனவு விற்பனையாகப் பார்க்கிறது. சர்வதேசத் தரம் அதன் பொருளாதார சாரத்தைப் பார்த்து நிதியளிப்பாகக் கொள்கிறது. இலங்கை வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகள் இதை எப்படி வெளிப்படுத்துகின்றன என்று ஒப்பிடலாம். நேர்காணல் செய்ய விரும்பினால் ஒழுக்கநெறி அனுமதிப் படிவம் ஏப்ரலுக்குள் கொடுங்கள். அனுமதி வருமுன் ஊருக்கு அழைப்பெடுத்துச் சேகரித்த பதில்களை ஆய்வில் பயன்படுத்த முடியாது. வங்கி முகாமையாளர்கள் ஜூலையில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்கள் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். தெரிந்தவர் ஊடாகக் கிளைக்கு நேரே ஆள் அனுப்பி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.